அழித்தாலும் திரும்பி வரும் பி0420: கன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

செக் எஞ்சின் லைட் எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் பி0420, அதாவது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்ற குறியீடு. அழித்தால் லைட் அணைகிறது. சில நாள் கழித்து மறுபடி அதே லைட், அதே எண். வண்டியின் இழுவையில் குறை தெரியாது, மைலேஜும் பெரும்பாலும் மாறாது. அதனால் சிலர் மாதாமாதம் அழித்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். சிலர் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை (பின் சென்சார்) மாற்றிப் பார்க்கிறார்கள். இன்னும் சிலர் நேராகக் கன்வெர்ட்டரையே மாற்றிவிட, கொஞ்ச காலத்தில் புதுக் கன்வெர்ட்டரோடு பழைய எண் வந்து நிற்கிறது. குறைந்த கிலோமீட்டரில் கன்வெர்ட்டர் தானாகக் கெடுவது அரிது. அதைக் கெடுத்த காரணம் எஞ்சினிலோ எரிபொருளிலோ சைலன்சர் குழாயிலோ இருக்கும். அதைத் தேடாமல் பாகத்தை மாற்றினால் காசு கரிதான்.

இங்கே சொல்வது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார்களுக்கும், பெட்ரோலோடு சிஎன்ஜி அல்லது எல்பிஜியில் ஓடும் கார்களுக்கும். வி6 எஞ்சினில் மறுபக்கத்துக்கு பி0430 என்று வரும், சோதனை ஒன்றேதான். டீசல் வண்டியின் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி), இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் அமைப்பு) தொல்லைகள் வேறு வகை.

இந்த எண் எதைச் சொல்கிறது

கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி இருக்கிறது. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றின் மெல்லிய பூச்சு. கூடவே சீரியம் ஆக்சைடு. முதல் மூன்றும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் எரிக்கின்றன, நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரிக்கின்றன. சீரியம் ஆக்சைடின் வேலை நெல் சேமிக்கும் குதிரின் வேலை: புகையில் ஆக்சிஜன் மிஞ்சும் நொடியில் உள்ளே வாங்கி வைத்து, பற்றாத நொடியில் எடுத்துக் கொடுக்கும்.

எஞ்சின் கணினி, அதாவது இசிஎம், கலவையை ஒரே அளவில் வைத்திருப்பதில்லை. ஒரு நொடி சற்றுக் கூடுதல் பெட்ரோல், மறுநொடி சற்றுக் குறைவு என்று ஆட்டிக்கொண்டே இருக்கிறது. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் (முன் சென்சார்) இந்த ஆட்டத்தைக் காட்டும். குதிர் நன்றாக இருந்தால் ஆட்டம் முழுவதையும் அது விழுங்கிவிடும். பின் சென்சாரின் கோடு ஏறக்குறைய நேராக ஓடும். குதிர் சுருங்கச் சுருங்க, முன்னால் நடக்கும் ஆட்டம் பின்னாலும் தெரிய ஆரம்பிக்கும். அது குறித்த எல்லையைத் தாண்டினால் பி0420.

ஆக, இசிஎம் மாசை நேரடியாக அளப்பதில்லை. இரண்டு சென்சார்களை ஒப்பிட்டு ஆக்சிஜன் சேமிப்பைக் கணிக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒப்பீட்டைக் குழப்பக்கூடிய எதுவும் இந்த எண்ணைக் கொண்டுவர முடியும்.

இங்கேயே ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடலாம். வயதான ஆக்சிஜன் சென்சார் மந்தமாகும். மந்தமான பின் சென்சார் வேகமான ஆட்டத்தைக் காட்டாது, கோடு இன்னும் நேராகத்தான் தெரியும். அதாவது கெட்ட கன்வெர்ட்டரை அது நல்லதாகக் காட்டுமே தவிர, நல்லதைக் கெட்டதாகக் காட்டுவது அரிது. பி0420 வந்ததும் முதல் வேலையாகப் பின் சென்சாரை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு என்பது இதனால்தான். சென்சாரே புதிதாகி வேகம் கூடியதில் எண் முன்னைவிடச் சீக்கிரம் வருவதும் உண்டு.

அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள்

அழித்த மறுகணம் பாதித் தடயம் போய்விடும். பேட்டரி கம்பியைக் கழற்றினாலும் அதே கதி. எனவே முதலில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது திரையைப் படம் பிடித்து வையுங்கள்:

1. எல்லாக் குறியீடுகளும்: பதிவானவை, பெண்டிங் நிலையில் இருப்பவை இரண்டும்.
2. ஃப்ரீஸ் ஃப்ரேம்: எண் விழுந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு, எஞ்சின் லோடு, ஃப்யூயல் ட்ரிம் (இசிஎம் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம், சதவீதத்தில்).
3. மோட் 06-இல் (ஸ்கேனரில் இசிஎம்மின் சோதனை முடிவுகளைக் காட்டும் பகுதி) கேட்டலிஸ்ட் மானிட்டர், அதாவது கன்வெர்ட்டர் சோதனை காட்டும் மதிப்பும் அதன் எல்லையும்.
4. ஓடோமீட்டர் கிலோமீட்டர், கடைசியாக நிரப்பிய எரிபொருள், கடைசியாக மாற்றிய பாகங்கள்.

இந்தியாவில் வண்டியே தன் குறையைக் கண்டறிந்து சொல்லும் ஓபிடி 2 விதி 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிந்தைய காரென்றால் இவற்றில் பெரும்பாலானவை சாதாரண ப்ளூடூத் ஓபிடி கருவியிலேயே படிக்கக் கிடைக்கும்.

எண் எப்போது திரும்பி வருகிறது என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சோதனையை இசிஎம் எப்போதும் நடத்துவதில்லை. எஞ்சின் முழுச் சூட்டில், ஓரளவு ஒரே வேகத்தில் சில நிமிடம் ஓடினால்தான் நடத்தும். முதல் முறை தோற்றால் பெண்டிங்காக மட்டும் நிற்கும். அடுத்தடுத்த இரண்டு பயணத்தில் தோற்றால் லைட் எரியும். தொடர்ந்து மூன்று பயணத்தில் தேறினால் லைட் தானே அணையும், 40 முறை எஞ்சின் சூடாகி ஆறிய பிறகு எண்ணும் அழியும். தி.நகர் நெரிசலில் மட்டும் ஓடும் காருக்கு ஒரு மாதம் வரை எண் வராமல் இருக்கலாம். சோதனை நடக்கவே இல்லை என்பதுதான் அதன் பொருள், குறை தீர்ந்துவிட்டது என்பதல்ல. அதே கார் திருச்சிக்கு ஒருமுறை போய்த் திரும்பினால் லைட் எரிந்துவிடும். ஸ்கேனரில் ரெடினஸ் பகுதியில் கேட்டலிஸ்ட் மானிட்டர் முடிந்ததா, முடியவில்லையா என்று காட்டும். அதைப் பார்க்காமல் சரியாகிவிட்டது என்று சொல்லக் கூடாது.

கூட வந்திருக்கும் எண்களே முதல் வேலை

பி0300 முதல் பி0304 வரையான மிஸ்ஃபயர் எண்கள், பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு) அல்லது பி0172 (பெட்ரோல் கூடுதல்), பி0130 முதல் பி0141 வரையான சென்சார் எண்கள் இவற்றில் ஏதாவது ஒன்று பி0420-வோடு இருந்தால், பி0420-ஐ மறந்துவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். மிஸ்ஃபயர் ஆகும் சிலிண்டரின் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. அங்கே சூடு 1,000 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே விலைமதிப்புள்ள உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, வேலை செய்யும் பரப்பு சுருங்கிவிடும். இன்னும் ஏறினால் பீங்கானே உருகும். செக் எஞ்சின் லைட் நிலையாக எரியாமல் விட்டுவிட்டுச் சிமிட்டினால் இப்போது நடப்பது இதுதான். ஓரங்கட்டி நிறுத்துங்கள்; வீடு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

சைலன்சர் குழாயில் கசிவு

செலவில்லாத சோதனை, ஆனால் பலரும் தாண்டிப்போவது. எஞ்சின் ஹெட்டிலிருந்து பின் சென்சார் வரை, அதற்கு அப்பால் ஒரு முப்பது சென்டிமீட்டர் வரை குழாயில் எங்கும் ஓட்டை இருக்கக் கூடாது. அதற்குப் பின்னால் மஃப்ளர் ஓட்டையாகிக் காது கிழிந்தாலும் இந்த எண்ணுக்கு அது காரணமில்லை.

ஓட்டை வழியாகப் புகை வெளியேதானே போகும், உள்ளே என்ன வரும் என்று தோன்றலாம். புகை குழாயில் துடிப்பு துடிப்பாகப் போகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும் கணங்களில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். பின் சென்சாருக்கு அருகே கசிந்தால், அது பார்க்கும் ஆக்சிஜன் கன்வெர்ட்டரிலிருந்து வந்ததல்ல, தெருவிலிருந்து வந்தது. முன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் விளைவு இன்னும் மோசம்: கலவையில் பெட்ரோல் குறைவு என்று இசிஎம் ஏமாந்து கூடுதலாக ஊற்றும், எஞ்சின் உண்மையில் ரிச்சாக ஓடும், நாளடைவில் நல்ல கன்வெர்ட்டரும் கெடும்.

சோதிக்கும் முறை:

1. வண்டி இரவு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் வார்ப்பு மேனிஃபோல்டில் உள்ள விரிசல் சூடானதும் விரிந்து மூடிக்கொள்ளும்; அப்போது எதுவும் பிடிபடாது.
2. ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அடியில் போவதானால் ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.
3. வாக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்துக் குழாயைச் சைலன்சர் முனையில் துணி சுற்றிச் செருகி ஊதவிடுங்கள். எஞ்சின் ஓடக் கூடாது.
4. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள்: மேனிஃபோல்ட் கேஸ்கட், ஃபிளாஞ்ச் கேஸ்கட், பின்னல் கம்பி போட்ட ஃப்ளெக்ஸ் குழாய், கன்வெர்ட்டர் வெல்டிங், இரண்டு சென்சாரின் மரை.
5. நுரை பொங்கும் இடம் கசிவு. கரும்புகை படிந்த கோடு இருந்தால் சோப்பே தேவையில்லை.

வாக்குவம் கிளீனர் இல்லையென்றால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் பானெட்டைத் திறந்து கேளுங்கள். டிக் டிக் என்று ஆக்சிலரேட்டரோடு வேகம் கூடி, சூடானதும் மறையும் சத்தம் மேனிஃபோல்ட் கேஸ்கட்டையோ உடைந்த ஸ்டட்டையோ காட்டும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள்.

நம்மூரில் இன்னொரு வழியும் இருக்கிறது. பெட்ரோல் காருக்குப் புகைச் சான்றிதழ் தரும் மையத்தின் கருவி கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பனோடு லாம்டா மதிப்பையும் (காற்று-எரிபொருள் விகிதம்; சரியான கலவைக்கு 1, காற்று கூடினால் ஏறும்) அளக்கும். 2,500 ஆர்பிஎம்மில் லாம்டா 0.97-லிருந்து 1.03-க்குள் இருக்க வேண்டும் என்பது பிஎஸ்4 முதலான பெட்ரோல் கார்களுக்கான விதி. ஸ்கேனரில் முன் சென்சார் எல்லாம் சரி என்று சொல்லும்போது இந்தக் கருவியில் லாம்டா 1.03-ஐத் தாண்டினால், இடையில் காற்று நுழைகிறது, குழாயைத் தேடுங்கள். கடைசி மஃப்ளரின் ஓட்டையும் இந்த லாம்டா மதிப்பை உயர்த்தும் என்பதால் அதை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதால் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. நின்ற இடத்தில், சூடான நிலையில் நடக்கும் அந்தச் சோதனையில் பாதி செத்த கன்வெர்ட்டரும் தேறிவிடும்.

ஃப்யூயல் ட்ரிம்

ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஐட்லிங்கில் ஒரு முறை, 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தி ஒரு முறை, சாலையில் ஏற்றத்திலோ ஐந்தாம் கியர் இழுவையிலோ ஒரு முறை. கூட்டுத்தொகை கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 10 வரை பொறுக்கலாம். 10-ஐத் தாண்டியும் பி0171 வரவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. அந்த எண் பெரும்பாலும் 25 சதவீதத்தை ஒட்டித்தான் விழும். இடைப்பட்ட நிலையில் ஓடும் வண்டிதான் சத்தமில்லாமல் கன்வெர்ட்டரைத் தின்கிறது.

ஐட்லிங்கில் மட்டும் பெரிய கூட்டல், 2,500-இல் இயல்பு என்றால் இன்டேக் பக்கம் வாக்குவம் கசிவு. ஆனால் இது காற்றை எம்ஏஎஃப் சென்சாரால் அளக்கும் எஞ்சினுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். நம் சாலையில் ஓடும் சிறு கார்கள் பலவற்றில் மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சார்தான். அதில் கசிந்து வரும் காற்றும் மேனிஃபோல்ட் அழுத்தமாகக் கணக்கில் சேர்ந்துவிடுவதால், ட்ரிம் அதிகம் அசையாமல் ஐட்லிங் வேகம் மட்டும் தூக்கலாக இருக்கும்.

லோடு ஏற ஏறக் கூட்டல் வளர்ந்தால் பெட்ரோல் போதவில்லை: அடைத்த ஃபில்டர், சோர்ந்த பம்ப், அழுக்கான இன்ஜெக்டர். கழித்தலில் பெரிய எண் வந்தால் ஒழுகும் இன்ஜெக்டர், திறந்தபடி மாட்டிக்கொண்ட பர்ஜ் வால்வு (பெட்ரோல் டேங்க் ஆவியை எஞ்சினுக்குள் விடுவது), பெட்ரோல் கலந்த எஞ்சின் ஆயில் ஆகியவற்றைப் பாருங்கள். பர்ஜ் வால்வைச் சோதிக்க அதன் ஹோஸை விரலால் அழுத்திப் பிடித்து ட்ரிம் மாறுகிறதா என்று பார்த்தால் போதும்.

இ20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) மாறிய பிறகுதான் இந்த எண் வந்தது என்ற பேச்சு நிறையக் கேட்கிறது. கணக்குப் பார்க்கலாம். இ10-க்குச் சரியான காற்று-பெட்ரோல் விகிதம் ஏறக்குறைய 14.1, இ20-க்கு 13.5. வித்தியாசம் நாலு சதவீதம். லாங் டெர்ம் ட்ரிம் அந்த அளவு மேலே போய் நிற்கும், இசிஎம் அதைத் தாராளமாகச் சமாளிக்கும். ஏற்கெனவே கூட்டல் 8-இல் திணறிய வண்டிக்கு அது கடைசி உந்தாக இருக்கலாம். ஆரோக்கியமான கன்வெர்ட்டரை எத்தனால் மட்டும் கெடுத்துவிடாது.

சிஎன்ஜி, எல்பிஜி கிட் போட்ட காரானால் இரண்டு எரிபொருளிலும் தனித்தனியாக ட்ரிம் எடுங்கள். பெட்ரோலில் இயல்பு, கேஸில் பெரிய எண் என்றால் கிட்டின் டியூனிங்தான் காரணம். கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசரின் ஃபில்டர், அழுத்தம், கேஸ் இன்ஜெக்டர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் பற்றவைக்க அதிக வோல்டேஜ் வேண்டும் என்பதால், தேய்ந்து இடைவெளி கூடிய ஸ்பார்க் பிளக் பெட்ரோலில் ஓடிவிடும், கேஸில் மிஸ் அடிக்கும். கிட் பொருத்தும்போது சென்சார் வயரில் எமுலேட்டர் (போலி சிக்னல் தரும் கருவி) ஏதாவது இடையில் போட்டிருக்கிறார்களா என்றும் வயரைத் தடவிப் பாருங்கள்.

சென்சார்களைச் சோதித்தல்

பின் சென்சார் எல்லாக் கார்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 0.1-லிருந்து 0.9 வோல்ட், நடுப்புள்ளி 0.45. முன் சென்சார் பழைய வகையானால் அதே அளவில் ஆடும். ஐந்து அல்லது ஆறு வயர் கொண்ட வைட்பேண்ட் வகையானால் லாம்டாவாகப் படிக்க வேண்டும், வோல்டேஜைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

முழுச் சூட்டில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று ஒரு முறை மிதித்து விடுங்கள். பின் சென்சார் 0.8-க்கு மேல் ஏற வேண்டும். பிறகு வெறும் சாலையில் கியரிலேயே ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டு உருளவிடுங்கள். இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும், குதிர் நிரம்பும் சில நொடிக்குப் பின் வோல்டேஜ் 0.1-ஐ ஒட்டி இறங்க வேண்டும். இரண்டு எல்லையையும் தொட்டால் சென்சார் நல்லது, மாற்றாதீர்கள். கீழே இறங்காமல் நடுவில் தொங்கினால் சென்சாரையோ வயரையோ சந்தேகப்படலாம். ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸ் ஆறிய நிலையில் பெரும்பாலும் 3-லிருந்து 15 ஓமுக்குள் இருக்கும். முடிவிலி காட்டினால் ஹீட்டர் அறுந்தது. வயர் சூடான குழாயில் உரசி உருகியிருக்கிறதா என்பதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பழைய வகை முன் சென்சார் 2,500 ஆர்பிஎம்மில் பத்து நொடிக்கு எட்டு முறையாவது 0.45-ஐக் கடக்க வேண்டும். அதைவிட மந்தமென்றால் கலவைக் கட்டுப்பாடே தளர்ந்திருக்கிறது. முன் சென்சாரை மாற்றுவதில் நியாயம் உண்டு.

கன்வெர்ட்டரின் உண்மை நிலை

இதுவரை எல்லாம் சரியாக இருந்தால்தான் இந்தப் பகுதி. கருவியில் முன், பின் சென்சார் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்துக் கிராஃபாகப் போடுங்கள். மலிவு ப்ளூடூத் கருவி பத்து மதிப்புகளை ஒரே நேரத்தில் படிக்கும்போது நொடிக்கு ஒன்றுகூடத் தேறாது. அந்தக் கிராஃபை நம்ப முடியாது. எஞ்சினை 2,500-இல் மூன்று நிமிடம் நிறுத்தி வையுங்கள்.

பின் கோடு 0.6-க்கும் 0.8-க்கும் நடுவே மெல்ல நகர்ந்தால் கன்வெர்ட்டருக்கு உயிர் இருக்கிறது. முன்னால் ஒவ்வொரு முறை ஆடும்போதும் பின்னாலும் 0.1-லிருந்து 0.8 வரை ஆடினால் முடிந்தது. முன்னால் இரண்டு ஆட்டத்துக்குப் பின்னால் ஒன்று என்ற கணக்கில் வந்தால் தேய்ந்துகொண்டிருக்கிறது.

நேர்கோடாக இருந்தும் எண் வருகிறதே என்று சில கார்களில் குழம்ப நேரும். பல எஞ்சின்களில் இசிஎம் சோதனை நேரத்தில் கலவையை வேண்டுமென்றே பெரிதாக ரிச்சுக்கும் (பெட்ரோல் கூடுதல்) லீனுக்கும் (பெட்ரோல் குறைவு) தள்ளி, பின் சென்சார் எத்தனை நேரம் கழித்து மாறுகிறது என்று பார்த்துச் சேமிப்பை அளக்கிறது. சாதாரண ஓட்டத்தின் சின்ன ஆட்டத்தை விழுங்கும் கன்வெர்ட்டர் அந்தப் பெரிய ஆட்டத்தில் தோற்கும். அங்கே மோட் 06 எண்தான் கண். கேட்டலிஸ்ட் மானிட்டர் வரிசையில் (பேங்க் 1-க்கு எண் 21) மதிப்பு, குறைந்தபட்சம், அதிகபட்சம் மூன்றும் இருக்கும். சில கார்களில் மதிப்பு குறைந்தபட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், சிலவற்றில் அதிகபட்சத்துக்குக் கீழ். எந்த எல்லை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துப் படியுங்கள். எல்லையை ஒட்டி மயிரிழையில் தோற்றிருந்தால் கசிவையும் ட்ரிமையும் இன்னொரு முறை தேடுவதில் பலன் உண்டு. உங்கள் மாடலுக்கு இசிஎம் மென்பொருள் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்றும் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். எல்லையைவிட வெகுதூரம் போயிருந்தால் கன்வெர்ட்டர்தான்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நுழைவாயையும் வெளிவாயையும் அளந்து, பின்பக்கம் சூடு அதிகமென்றால் நல்லது என்று சொல்லும் முறை பரவலாக இருக்கிறது. இன்றைய எஞ்சினில் எரிய மிச்சமிருப்பதே குறைவு என்பதால் நல்ல கன்வெர்ட்டரிலும் வித்தியாசம் தெரியாமல் போகும். தகட்டு மூடி வேறு தவறாகக் காட்டும். இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஆறிய பிறகு ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். உள்ளே கடகடவென்றால் பீங்கான் உடைந்திருக்கிறது. இழுவை குறைந்திருந்தால் மட்டும் அடைப்பைச் சோதித்தால் போதும். முன் சென்சாரின் துளையில் பிரஷர் கேஜை மாட்டி அளக்க வேண்டும்: ஐட்லிங்கில் 1.5 பிஎஸ்ஐக்குள், 2,500-இல் 3 பிஎஸ்ஐக்குள். அடைப்பும் பி0420-வும் வேறு வேறு குறை. ஒன்று இருப்பதால் மற்றது இருக்க வேண்டும் என்பதில்லை.

கெடுத்தது எது

புதுசு வாங்குவதற்கு முன் இதற்குப் பதில் தெரிய வேண்டும். எஞ்சின் ஆயில் குறைகிறதா? டிப்ஸ்டிக்கில் குறித்து வைத்து 1,000 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். ஆயிலில் தேய்மானம் தடுக்கச் சேர்க்கும் பாஸ்பரஸ், துத்தநாகச் சேர்மங்கள் எரிந்து கன்வெர்ட்டர் முகப்பில் படிகின்றன. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இழுத்து எரிக்க அனுப்பும் பிசிவி வால்வு மாட்டிக்கொண்டிருந்தால் மலிவாக முடியும். பிஸ்டன் ரிங் என்றால் செலவு பெரிது, ஆனால் அதைச் செய்யாமல் கன்வெர்ட்டர் மட்டும் மாற்றினால் அதுவும் அதே வழியில் போகும்.

கூலன்ட் வெளியே ஒழுகாமல் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். சென்சார் முனையில் வெள்ளைப் படிவு அதற்கு ஒரு சாட்சி. சாதாரண சிலிக்கோன் சீலண்டின் ஆவியும் இதே வெள்ளைப் படிவைத் தரும், எனவே எஞ்சினில் போடும் சீலண்ட் ஆக்சிஜன் சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று எழுதியதாக இருக்கட்டும். மாங்கனீஸ் கலந்த ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்களும் வேண்டாம்.

அடியில் கன்வெர்ட்டர் உள்ள வண்டியானால் வேகத்தடையில் இடித்த பள்ளம் இருக்கிறதா பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓடிய சூட்டோடு வெள்ளத்தில் இறக்கினாலும் பீங்கான் வெடிக்கலாம்.

செய்யக் கூடாதவை

பின் சென்சாரை ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளுவது, கன்வெர்ட்டரின் உள்கட்டியை உடைத்து எடுப்பது இரண்டும் குறையை மறைக்கும் வேலை, இரண்டாவது சட்டவிரோதமும்கூட. டேங்கில் ஊற்றும் கிளீனர் திரவம் சீரியம் ஆக்சைடைத் திரும்பக் கொண்டுவராது. கழற்றி ஆசிட்டில் ஊறவைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாற்றுவதென்று முடிவானால்

முதலில் உத்தரவாதப் புத்தகத்தைப் பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்குத் தனிக் காலவரை இருக்கலாம். விலையைப் பார்த்து மயங்கி மலிவு கன்வெர்ட்டர் வாங்கினால், அதில் உலோகப் பூச்சு குறைவாக இருப்பதால் முதல் சில மாதம் தேறி, பிறகு அதே எண் வரும். பிஎஸ்6 காருக்கு பிஎஸ்4 காலத்துப் பாகம் பொருந்துவதுபோல் தெரிந்தாலும் மாட்டக் கூடாது.

சென்சாரைக் கழற்ற முந்தின நாளே பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து வையுங்கள். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது வயருக்குப் பிளவு விட்ட 22 மி.மீ. சாக்கெட்டால் திருகினால் மரை பிய்யாது. திரும்ப மாட்டும்போது ஆன்ட்டி-சீஸ் பசை மரையில் மட்டும், முனையில் ஒரு துளியும் படக் கூடாது. இறுக்கம் சுமார் 40 நியூட்டன் மீட்டர், சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. கேஸ்கட், ஸ்டட் நட்டுகள் எல்லாம் புதிதாக இருக்கட்டும். பழைய கேஸ்கட்டை மறுபடி போட்டுத்தான் புதுக் கசிவு பிறக்கிறது. பழைய கன்வெர்ட்டருக்குள் இருக்கும் உலோகத்துக்கு நல்ல விலை உண்டு. மெக்கானிக்கிடம் அப்படியே விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள், அல்லது பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சரியானதை உறுதி செய்ய

குறியீட்டை அழித்து, சோப்புச் சோதனையை மறுபடி ஒரு முறை செய்யுங்கள். மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் தொடங்கி மூன்று நிமிடம் ஐட்லிங், பிறகு நெரிசல் இல்லாத சாலையில் 60-80 கி.மீ. வேகத்தில் கால் மணி நேரம் ஆக்சிலரேட்டரை ஆட்டாமல் ஓட்டம், நடுவில் இரண்டு மூன்று முறை பிரேக் இல்லாமல் கியரிலேயே வேகம் குறையவிடுதல். சென்னையில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போன்ற ஒன்றில் விடிகாலையில் இது எளிது. ரெடினஸில் கேட்டலிஸ்ட் முடிந்தது என்று வரும்வரை இதை மறுநாளும் செய்யுங்கள்.

முடிந்தது என்று வந்ததும் பெண்டிங் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து, மோட் 06 எண்ணை ஓடோமீட்டரோடு எழுதி வையுங்கள். 5,000 கி.மீ. கழித்து மறுபடி எடுங்கள். எண் எல்லையை நோக்கி நகர ஆரம்பித்திருந்தால் லைட் எரியக் காத்திருக்காமல் ஆயில் அளவையும் ட்ரிமையும் அன்றைக்கே பாருங்கள்.